அப்பாவின் கம்பளியை ஒப்படைக்கலாமா?

வாசகி ஒருவரின் கேள்வி: நான் இடுக்கி மாவட்டம் உடும்பஞ்சோலை தாலுகாவில் ஓர் ஏலத்தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்தவள். பூர்வீகம் தேவாரம். 1983இல் இரண்டு யூனியன்காரர்களுக்கு நடுவே நடந்த சண்டையில் என் அப்பாவைக் குத்திக் கொன்றுவிட்டார்கள். அதே மாதம் எதிர்த்தரப்பிலும் ஒருவர் செத்தார். இரண்டு வழக்கிலும் யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. எனக்கு அப்போது ஆறு வயது. இப்போது கிரைம் பிராஞ்ச் அதிகாரி ஒருவர் இரண்டு வழக்கையும் மறுபடி விசாரிப்பதாகச் சொல்லி வந்தார். வாசலிலேயே நின்று பேசிவிட்டு, போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மாவுக்கு 76 வயது. வாயே திறக்க மாட்டேன் என்கிறார். அந்தக் காலத்தில் வந்த இன்ஸ்பெக்டர், மேனேஜர் பங்களா வராந்தாவில் காபி குடித்துக்கொண்டே அம்மாவை முற்றத்தில் நிற்க வைத்துக் கேட்டு, மலையாளத்தில் எழுதிக்கொண்டு போனாராம். குத்துப்பட்ட அப்பாவை லயத்துக்குத் தூக்கி வந்தபோது அவர் மேலிருந்த கம்பளியை அம்மா உருவி எடுத்து வைத்திருக்கிறார். இன்னும் ட்ரங்குப் பெட்டியில் இருக்கிறது, யாரிடமும் காட்டியதில்லை. நாங்கள் சந்தேகப்படுகிறவருடைய பேரனும் என் மகனும் ஒரே ஜீப்பில் பள்ளிக்கூடம் போகிறார்கள். நாங்கள் பேசலாமா? கம்பளியைக் கொடுக்கலாமா? அந்த அதிகாரி மறுபடி வந்தால் காபிகூடக் கொடுக்கக் கூடாது என்கிறார் அம்மா. அது மரியாதையா?

அன்புள்ள சகோதரிக்கு,

பேசுங்கள். கம்பளியையும் கொடுங்கள். ஆனால் இரண்டும் இந்த வாரமே நடக்க வேண்டும் என்று இல்லை. அதற்கு முன்னால் உங்கள் வீட்டுக்குள் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

நான் 31 வருடம் போலீசில் இருந்தவன். அதில் பாதிக்கு மேல் குற்றப்பிரிவு. போடி, கம்பம், குமுளி என்று எல்லையின் இரண்டு பக்கமும் வழக்குக்காக அலைந்திருக்கிறேன். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அப்பாவின் சாவைப் பற்றி அரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பில் செத்தவரைப் பற்றி ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியில்தான் என் கண் நின்றது.

அம்மா பேச மறுப்பதற்குப் பழைய இன்ஸ்பெக்டர் நடத்திய விதம் காரணம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம். தோட்டத்தில் ஏதாவது நடந்தால் ஜீப் நேராகப் பங்களாவுக்குப் போவதை நானும் பார்த்திருக்கிறேன். மேனேஜர் நாற்காலி போடுவார், கங்காணி ஆள் கூட்டி வருவார். புருஷனைப் பறிகொடுத்து இரண்டு நாள் ஆன பெண்ணை முற்றத்தில் நிற்க வைத்துக் கேட்டது தப்பு. அந்த உத்தியோகத்தைப் பார்த்தவன் என்ற முறையில் அதற்காக வருத்தப்படுகிறேன்.

ஆனால் நாற்பது வருடத்துக்கு மேல் ஒருவர் வாயை மூடி வைப்பதற்கு அவமானம் மட்டும் காரணமாக இருப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. பயம் இருக்கும். அதைவிட அடிக்கடி, யாரையோ காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் இருக்கும். ஒரே மாதத்தில் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். அப்பா செத்த பிறகு அந்த இன்னொரு சாவு நடந்திருந்தால், பழிக்குப் பழி என்று யார் கிளம்பினார்கள் என்பது லயத்தில் இருந்த பெண்களுக்குத் தெரியாமல் போயிருக்காது. உங்கள் சித்தப்பாவாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம், சொந்தமே இல்லாத யூனியன் ஆளாகவும் இருக்கலாம். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. வந்திருக்கும் அதிகாரி இரண்டு வழக்கையும் சேர்த்துத்தான் விசாரிக்கிறார். அப்பாவைப் பற்றிக் கேட்ட கையோடு அதையும் கேட்பார். கேட்காமல் விட்டால் அவர் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று அர்த்தம்.

அதனால் முதலில் அம்மாவோடு தனியாக உட்காருங்கள். ஏலக்காய் எடுப்பு இல்லாத ஒரு நாளாகப் பாருங்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "பேசினா யாருக்கு என்ன ஆகும்னு நினைக்கிறீங்கம்மா?" என்று கேளுங்கள். இந்த இரண்டும் வேறு வேறு கேள்வி. முதல் கேள்வியைக் கேட்டால் நீங்களே அவருடைய ஞாபகத்தைக் கிளறிக் கலைத்துவிடுவீர்கள். அந்த வேலையை அதிகாரியிடம் விடுங்கள். இரண்டாவது கேள்விக்கு அவர் ஒரு பேரைச் சொன்னால், அந்த ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அதிகாரியைக் கூப்பிடும் முன்னால் ஒரு வக்கீலிடம் போய்ப் பேசுங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், மாவட்டச் சட்டப்பணி ஆணையம் இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். 1987ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த உரிமை அது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விவரம் தெரிந்தவர் போலீஸ் கேட்டால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். தன்னையே வழக்கில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க மட்டும் உரிமை உண்டு, தம்பியையோ கொழுந்தனையோ காப்பாற்ற அந்த உரிமை உதவாது. கொலை வழக்குக்குக் காலக்கெடுவும் கிடையாது. இதைக் கேட்டு அம்மா இன்னும் பயப்படலாம். ஆனாலும் தெரிந்துகொண்டு பேசுவதுதான் அவருக்கு நல்லது. இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள்: அந்த வீட்டிலும் ஒரு ட்ரங்குப் பெட்டி இருக்கலாம், அங்கேயும் ஒரு பெண் நாற்பது வருடமாக அதைத் திறக்காமல் வைத்திருக்கலாம்.

அடுத்து, நீங்கள் அதிகாரியிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதுங்கள். வட அயர்லாந்தில் 1968க்கும் 1998க்கும் நடுவே 3,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். ஒரே தெருவில், ஒரே ஊரில் இருந்தவர்களே இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றார்கள். 2005இல் அங்கே போலீசே ஒரு தனிக்குழு அமைத்து அந்தப் பழைய சாவுகளைத் திரும்பப் பார்த்தது. குடும்பத்தாரிடம் 'உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்' என்று கேட்டு, கிடைத்த பதில்களை அறிக்கையாக எழுதி அவர்கள் கையில் கொடுத்தார்கள். அந்தக் குழு மேல் குறை இல்லாமல் இல்லை. ராணுவத்தார் சுட்ட வழக்குகளை அது அவ்வளவு கடுமையாகப் பார்க்கவில்லை என்று 2013இல் அந்நாட்டுக் காவல்துறை ஆய்வு அமைப்பே சொன்னது, 2014இல் குழுவை மூடிவிட்டார்கள். ஆனாலும் குடும்பத்தின் கேள்வியை வாங்கி அதற்குப் பதில் எழுதித் தருவது என்ற அந்த முறை எனக்குப் பிடித்திருந்தது. என் உத்தியோகக் காலத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

நான் பார்த்த குடும்பங்களில் பலருக்கு 'யார் செய்தது' என்பதைவிட வேறு கேள்விகள்தான் மனதை அரித்துக்கொண்டிருந்தன. உடனே உயிர் போனதா? தண்ணீர் கேட்டாரா? யார் பக்கத்தில் இருந்தது? உங்கள் கேள்விகளும் அப்படி இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். கூடவே போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் நகல், எஃப்.ஐ.ஆர். நகல், 1983இல் அம்மா சொன்னதாக எழுதிய வாக்குமூலம், வழக்கை என்ன காரணம் எழுதி மூடினார்கள் என்ற விவரம், இந்த நான்கையும் கேளுங்கள். எல்லாம் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். கேட்ட பிறகு இல்லை என்று எழுதிக் கொடுத்தால் அதுவும் உங்களுக்கு ஒரு விவரம்.

அந்தப் பழைய வாக்குமூலத்தை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், எல்லைப்புற வழக்குகளில் மொழி செய்யும் குழப்பம் கொஞ்சநஞ்சம் இல்லை. கேரளப் போலீசில் வாக்குமூலத்துக்குப் பேரே 'மொழி'. ஒரு வழக்கில் தமிழ்ப் பெண் ஒருவர், "ராத்திரி மச்சான் வந்து கூப்பிட்டாரு, அவரு கூடப் போனாரு" என்று சொல்லியிருக்கிறார். எழுதியவர் மலையாளத்தில் 'அளியன்' என்று போட்டுவிட்டார். அளியன் என்றால் மனைவியின் அண்ணன் தம்பி, அல்லது அக்கா தங்கை புருஷன். அந்த வீட்டில் அப்படி இருந்தது ஒரே ஒருவர்தான். அவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அந்தப் பெண் சொன்னதோ அத்தை மகனை. நம் பக்கத்தில் அத்தை மகனும் மச்சான்தானே! ஒன்பது வருடம் கழித்து அந்த வழக்குக் கட்டு என் கைக்கு வந்தபோது, அவர் வீட்டில் போய் உட்கார்ந்து "எந்த மச்சான்மா?" என்று கேட்டேன். அதற்கு முன்னால் யாரும் அப்படிக் கேட்டதே இல்லை என்றார். தப்பாகப் பிடிபட்டவர் அதற்குள் ஊரை விட்டே போய்விட்டார்.

அதனால் அம்மா தமிழில் பேசட்டும், அவர் சொன்ன சொல் அப்படியே பதிவாகட்டும். அதிகாரியே மொழிபெயர்த்து எழுதுவதாக இருந்தால், ஆடியோ வீடியோவில் பதிவு செய்யச் சொல்லுங்கள். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. நீங்கள் எழுதும் மனுவையும் தமிழிலேயே எழுதலாம். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அந்த வசதியைக் கொடுத்திருக்கிறது.

விசாரணை எங்கே என்ற கேள்விக்கே இடமில்லை. சாட்சி பெண் என்றால் வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும், ஸ்டேஷனுக்குக் கூப்பிடக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 160ஆவது பிரிவும் இப்போதைய புதிய சட்டத்தின் 179ஆவது பிரிவும் அதையேதான் சொல்கின்றன. பங்களா வராந்தா, யூனியன் ஆபீஸ், பஞ்சாயத்து ஆபீஸ் எதுவும் வேண்டாம். போலீசிடம் சொல்லும் வாக்குமூலத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டியதில்லை, யார் கேட்டாலும் வைக்க வேண்டாம். அம்மாவின் வயதைப் பார்த்து, மாஜிஸ்திரேட் முன்னால் ஒரு தடவை வாக்குமூலம் பதிவு செய்ய ஏற்பாடு செய்யும்படி நீங்களே கேளுங்கள். அங்கே கையெழுத்து உண்டு.

அன்றைக்கு அம்மா பக்கத்தில் இருங்கள், ஆனால் எடுத்துக் கொடுக்காதீர்கள். "இல்லம்மா, அன்னைக்கு மழைன்னு சொன்னீங்களே" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிறகு மழை யாருடைய ஞாபகம் என்று யாராலும் பிரிக்க முடியாது. அவர் கண்ணால் பார்த்தது எது, பிறகு லயத்தில் பேசிக் காதில் விழுந்தது எது என்று பிரித்துச் சொன்னால் அது பெரிய உதவி. நாற்பது வருடத்தில் இரண்டும் ஒன்றாகிப் போவது இயற்கை, அதற்காக அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். தேதி ஞாபகம் இல்லை என்றாலும் கவலைப்படாதீர்கள். நம் மலைத் தோட்டத்துப் பெண்கள் பலர் தேதியை வைத்துக் காலம் சொல்வதில்லை. வீரபாண்டித் திருவிழாவுக்குப் போய்விட்டுத் திரும்பிய மறுநாள், மங்கலதேவி கண்ணகி கோயில் சித்ரா பௌர்ணமிக்கு முந்தின வாரம், மகள் பெரிய மனுஷி ஆன மாசம் என்றுதான் சொல்வார்கள். கெட்டிக்கார அதிகாரி அதைக் காலண்டரில் உட்கார வைத்துவிடுவார். தோட்டத்தின் பழைய செக்ரோல் எங்காவது தப்பிப் பிழைத்திருந்தால், அன்றைக்கு யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்பதுகூடத் தெரியும்.

இப்போது கம்பளி. அதை உதறாதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள், துவைக்கவே கூடாது. புதிதாக அந்துருண்டை போடவும் வேண்டாம். பிளாஸ்டிக் கவரில் சுற்றினால் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும், அச்சடிக்காத சுத்தமான காகிதத்தில் சுற்றி அதே பெட்டியிலேயே வையுங்கள். அதிகாரி வரும்போது சாட்சிகளை வைத்து மகஜர் (கைப்பற்றியதற்கான குறிப்பு) எழுதித்தான் அதை எடுக்க வேண்டும். நகல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எடுக்கும் முன்னால் அதை விரித்துப் போட்டு, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, இரண்டு பக்கமும் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள்.

அதில் இருக்கும் ரத்தத்தை வைத்துக் கொன்றவரைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்ப வேண்டாம். 1983இல் டி.என்.ஏ. சோதனை நம் நாட்டு நீதிமன்றங்களுக்கே வரவில்லை. பிறகு முதன்முதலாக அது வந்ததும் கேரளத்தில்தான், தலச்சேரியில் நடந்த ஒரு வழக்கில். இத்தனை வருடம் மலை ஈரத்தில் இருந்த கறையில் ஏதாவது மிஞ்சியிருந்தாலும், பெரும்பாலும் அது அப்பாவின் ரத்தமாகத்தான் இருக்கும். அந்தக் கம்பளியில் விஷயம் கிழிசல்கள்தான். கூரான கத்தி விழுந்த இடத்தில் நூல் ஒரே கோடாக அறுந்திருக்கும், பூச்சி அரித்த ஓட்டையோ விளிம்பு தேய்ந்து உருண்டையாக இருக்கும். பெரிதாக்கிக் காட்டும் கருவி வழியாகப் பார்க்கிற நிபுணருக்கு வித்தியாசம் தெரியும். அந்தக் கோடுகளின் அளவையும் இடத்தையும் போஸ்ட்மார்ட்டத்தில் எழுதிய காயங்களோடு வைத்துப் பார்ப்பார்கள். முன்னால் குத்தியதா பின்னால் குத்தியதா, ஒரு ஆயுதமா இரண்டா என்பதெல்லாம் அதிலிருந்து வரலாம்.

இங்கேதான் அம்மா தேவைப்படுகிறார். கம்பளியை நான்காக மடித்துத் தோளில் போட்டிருந்தால் ஒரே குத்துக்கு நான்கு கிழிசல் விழும். மழைக்குக் கொங்காணி மாதிரி தலையோடு போட்டிருந்தால் கிழிசல் விழும் இடமே வேறு. அப்பா அன்றைக்கு அதை எப்படிப் போட்டிருந்தார் என்பது, உருவி எடுத்த அம்மா ஒருவருக்குத்தான் தெரியும். எப்படிப் போட்டிருந்தார் என்று தெரியாமல் நான்கு கிழிசலை நான்கு குத்து என்று எண்ணினால் வழக்கே திசை மாறிவிடும். அதனால் கம்பளியை மட்டும் தனியாக அனுப்பிவிட வேண்டாம், அம்மா பேசுகிற நாளில் கொடுங்கள். இவ்வளவு வருடம் வீட்டில் இருந்ததால் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் கடுமையாகக் குறுக்குக் கேள்வி கேட்பார், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

தண்டனை கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். வயநாடு திருநெல்லிக் காட்டில் 1970இல் நக்சலைட் தலைவர் வர்கீஸ் கொல்லப்பட்டார். மோதலில் செத்தார் என்றுதான் அரசு சொல்லி வந்தது. 1998இல் ராமச்சந்திரன் நாயர் என்ற கான்ஸ்டபிள், மேலதிகாரி உத்தரவிட்டதால் பிடிபட்டிருந்த அவரைத் தானே சுட்டதாக வெளியில் சொன்னார். 2010இல் அந்த மேலதிகாரிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சொன்னவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. இன்னொரு பக்கம், உங்கள் மலையிலேயே 1982இல் நடந்த ஓர் அரசியல் கொலை வழக்கு, 2012இல் ஒரு தலைவர் மேடையில் பேசிய பேச்சால் மறுபடி திறந்தது. அவரைக் கைதும் செய்தார்கள். பத்து வருடம் கழித்து 2022இல் உயர் நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்து விடுவித்துவிட்டது. இரண்டில் எது உங்கள் வழக்குக்கு நடக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. நீங்கள் சந்தேகப்படுகிறவர் உண்மையிலேயே செய்தவர்தானா என்பதும் எனக்குத் தெரியாது. அந்தச் சந்தேகம் உங்களுக்கு யார் வாயிலிருந்து வந்தது என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். ஆறு வயதுக் குழந்தையாக நீங்கள் கேட்டதா, அம்மா சொன்னதா, யூனியன் ஆபீசில் சொன்னதா?

அந்தப் பேரை அதிகாரியிடம் மட்டும் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், குழாயடியில் வேண்டாம், உங்கள் மகனிடமும் வேண்டாம். அவன் அதே ஜீப்பில் போகட்டும். விசாரணை வருகிறது என்று தெரிந்தால் இதைத் தமிழர், மலையாளி சண்டையாகத் திருப்பிவிட யாராவது வருவார்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையின்போது குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் தேவாரத்துக்கும் போடிக்கும் இறங்கி வந்தவர்களை நான் நேரில் பார்த்தவன். அந்தப் பயம் இன்னும் லயங்களில் இருக்கிறது. பேட்டி கேட்டு யார் வந்தாலும் வழக்கு நடக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

மிரட்டல் வந்தால் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டாம். உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் ஒப்புக்கொண்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட நீதிபதி தலைமையில் அதற்கு ஒரு குழு உண்டு. மனு கொடுத்தால் ஆபத்து எவ்வளவு என்று டி.எஸ்.பி. நிலை அதிகாரி அறிக்கை கொடுக்க வேண்டும். கொலை வழக்குச் சாட்சிக்கு இது பொருந்தும். வக்கீலைப் பார்க்கப் போகும்போதே இந்த மனுவைப் பற்றியும் கேட்டு வையுங்கள்.

கடைசியாக அந்தக் காபி விஷயம். வாசலில் நின்று பேசிவிட்டு நம்பரை மட்டும் கொடுத்துவிட்டுப் போன அதிகாரிக்கு, எந்த வீட்டு வாசலில் நிற்கிறோம் என்பது கொஞ்சம் தெரிந்திருக்கிறது. காபியை அவர் எதிர்பார்க்க மாட்டார். அவர் வந்தால் அம்மாவுக்கு நல்ல நாற்காலியாகப் போட்டு முதலில் உட்கார வையுங்கள், பிறகு அவருக்குப் போடுங்கள். காபி வைக்கலாமா என்பதை அம்மா அன்றைக்குச் சொல்லட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற குற்றப்பிரிவு அதிகாரி